விளையாட்டு நேரமும் பாட நேரமும்



பரீட்சை நெருங்கும்போது பாடசாலையின் நேரசூசியில் முதலிற் பலியாவது தேகாப்பியாச நேரமே. விளையாட்டிற் கழியும் ஒவ்வொரு மணியும் படிப்பிலிருந்து களவாடப்பட்டது என்னும் எண்ணம் பெற்றோர் உள்ளத்திலும் ஆசிரியர் உள்ளத்திலும் ஆழ வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் மெய்தானா என்பதை வரலாற்றினிடமே வினவுவோம்.

தேகப்பயிற்சி உடலின் பொருட்டு மட்டுமன்று, உள்ளத்தின் நலம் கருதியுமே அமைதல் வேண்டும் என்று கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலிற் கூறிப் போந்தார். ஆயினும் அஃது ஓர் அறிஞரின் கருத்தேயன்றிச் சோதனையிற் கண்ட முடிபன்று. வகுப்பறையிலே அதனைச் சோதித்துப் பார்க்கும் துணிவு இருபதாம் நூற்றாண்டிலேதான் வலுப்பெற்றது.

1950ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரை அடுத்துள்ள வான்வ் என்னும் ஊரில், மாக்ஸ் பூரெஸ்தியே என்னும் பாடசாலை வைத்தியர் ஒரு புதுமுறையைத் தொடங்கினார். ஆரம்பப் பாடசாலை வகுப்பொன்றில் காலை வேளை பாடங்களுக்கும், பிற்பகல் விளையாட்டு, ஓய்வு முதலியவற்றுக்கும் ஒதுக்கப்பட்டன. பாட நேரம் குறைந்தபோதும் அப்பிள்ளைகள் படிப்பிற் பின்தங்கவில்லை. உடல்நலமும் ஒழுங்கும் மேம்பட்டன. எனினும், இச்சிறு வகுப்புக்குத் தனிக் கவனிப்பும் கிடைத்தது. ஆதலால், நன்மை விளையாட்டினால் விளைந்ததா, கவனிப்பினால் விளைந்ததா என்னும் ஐயம் எஞ்சி நின்றது.

அவ்வையத்தைக் குறைக்க உதவியது கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் 1970 முதல் 1977 வரை நடைபெற்ற பெரிய ஆய்வு. துறுவா ரிவியேர் நகரத்துப் பாடசாலையொன்றிலும், பொன் ரூஜ் என்னும் சிற்றூர்ப் பாடசாலையொன்றிலுமாக 546 பிள்ளைகள் இதிற் பங்குபற்றினர். ஒரு சாரார் நாள்தோறும் ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் தேகாப்பியாசம் பயின்றனர். அதே பாடசாலைகளில் அவர்களுக்கு முந்திய வகுப்பினரும் பிந்திய வகுப்பினரும் வழக்கமான முறையிலேயே கற்றனர். பயிற்சி பெற்றோரின் ஏனைய பாட நேரம் நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு குறைந்தது.

விளைவு யாது? முதலாம் வகுப்பிற் பெற்றோரின் அச்சம் மெய்யாவதுபோலவே தோன்றியது. வழக்கமான முறையிற் கற்றோரே கூடுதலான புள்ளி பெற்றனர். ஆனால் இரண்டாம் வகுப்பு முதலாக நிலைமை மாறலாயிற்று. பயிற்சி பெற்ற பிள்ளைகள் பொதுவாக முன்னின்றனர். முதலாண்டுப் பெறுபேற்றை மட்டும் கண்டு ஆய்வைக் கைவிட்டிருப்பின், உலகம் தவறான முடிபொன்றையே பெற்றிருக்கும். பொறுமையின் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சி மூளையினுள்ளேயே புகுந்தது. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர், ஞாபகத்துக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி தேகவலுவுள்ள சிறுவரிடம் பெரிதாயிருத்தலை 2010ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். ஆயின், இரண்டு சேர்ந்திருத்தலால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆகவே, ஏழு முதல் ஒன்பது வயது வரையான 221 சிறுவரைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒன்பது மாதம் பாடசாலை முடிந்தபின் பயிற்சி அளித்தனர். மனத்தை அடக்கிக் கவனத்தை நிறுத்தும் ஆற்றலும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தையைத் திருப்பும் ஆற்றலும் அவர்களிடம் மேம்பட்டமை 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

நேயர்களே, ஓட்டமும் பந்தாட்டமும் மந்தனை மேதையாக்கிவிடும் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. அவை கூறுவது சிறிதெனினும் உறுதியானது: பிள்ளைக்கு நாம் அளிக்கும் விளையாட்டு நேரம் படிப்புக்கு நட்டமன்று. அடுத்த முறை நேரசூசியிற் கத்தரிக்கோலை வைக்கும் கை, துறுவா ரிவியேர்ச் சிறுவரின் இரண்டாம் வகுப்பை ஒருகணம் எண்ணிப் பார்க்குமாக.