எம்ஒய்பிபிசி3 மரபணு நீக்கம்

இதயத் தசையின் சுருக்கத்தை நெறிப்படுத்தும் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணு எம்ஒய்பிபிசி3. இதன் 32ஆம் இன்ட்ரானில் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதியில்) 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. இதனால் 33ஆம் எக்ஸான் (குறியீட்டுப் பகுதி) தவிர்க்கப்பட்டுப் புரதத்தின் வால்பகுதி உருமாறுவதையும், இதயத் தசை நோயாளிகளிடம் இம்மாற்றம் மிகுந்திருப்பதையும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் படித்தவர்கள் நூற்றில் நால்வர் நோயாளிகள் என்று கணக்குப் போட்டது அவசரம். இடது கீழறைச் சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிக்கும் மிகைவளர்ச்சி நோய் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கே உண்டு. இந்நீக்கம் உள்ள பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள்.

அப்படியானால் நோயாளிகளிடம் அது மிகுந்திருந்தது ஏன் என்ற கேள்வி நியாயமானது. 2020இல் வந்த மறுஆய்வு விடையளித்தது: நீக்கம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, கூடுதல் ஆபத்துக்கு அதுவே காரணம். நீக்கம் முற்றிலும் தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவர்களின் நிலை தனியே ஆராயத்தக்கது. ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஒருவரை நோயாளி என்பதற்கு ஆதாரமில்லை. நெருங்கிய உறவினர் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, காரணமின்றி மயக்கம் வந்தாலோ ஈசிஜியும் எக்கோவும்தான் முதலில் தேவை. கீழறை மிகைத்துடிப்பு போன்ற ஆபத்தான தாளக்கோளாறைப் பிடிக்க 24 மணிநேர ஹோல்டர் பதிவு உதவும்.