தேர்ச்சிக்குக் கூலி

பிள்ளைகளின் தேர்ச்சியைக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்குப் பணம் அளக்கப்பட்ட காலம் ஒன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. அவ்வரலாறு மறந்துபோயிற்று, பழக்கம் மட்டும் நம் இல்லங்களில் நிலைத்துவிட்டது.

அதற்கும் முந்தைய செய்தி ஒன்றை முதலில் காண்போம். நம் திருவேற்காட்டைத் தொட்டு ஓடும் கூவம், எழும்பூரைக் கடந்தே கடலை அடைகிறது. அந்த எழும்பூரில் 1789-இல் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே இளையோருக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் இலண்டனில் அவர் நூலாக வெளியிட்ட இம்முறை, 'மதராஸ் முறை' என்ற பெயரில் பல நாடுகளுக்கும் பரவியது. மணலில் எழுதும் பிள்ளை தவறினால் கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதும். எத்தனை முறை தவறிற்று என்பதற்கு அங்கே சான்று ஏதும் மிஞ்சுவதில்லை. இதனால் திண்ணைப் பள்ளியை மிகையாகப் புகழவும் வேண்டாம். பிரம்பும் கோதண்டமும் அங்கே இருந்தன. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணையே மறுக்கப்பட்டது.

1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறை வேறொரு கணக்கைத் தொடங்கிற்று. அப்பத்தாண்டிலேயே அதன் சாயலில் சென்னை மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். தேறினால் பள்ளிக்கு மானியம், தேறாவிட்டால் ஒன்றுமில்லை. எழுத்தே அறியாமல் வந்து, ஓராண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலைக்கு உயர்ந்த ஏழைப் பிள்ளை, ஆய்வாளரின் முன் திக்கினால் அதன் ஓராண்டு உழைப்பின் விலை சுழியம். ஊதியத்துக்கு அம்மானியத்தையே நம்பியிருந்த ஆசிரியர், தேறக்கூடிய பிள்ளையின் பக்கம் சாய்ந்ததில் வியப்பென்ன? குற்றம் அவருடையதென்று நாம் கருதவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது. ஆயினும் தேர்வு முடிவைக் கொண்டே பள்ளியையும் பிள்ளையையும் எடைபோடும் வழக்கம் ஓயவில்லை. 2017-இல்தான் தமிழக அரசு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்திற்று. நல்ல முடிவு, எனினும் பதாகைகளில் மதிப்பெண்கள் இன்னும் சிரிக்கின்றன!

1998-இல் அமெரிக்க உளவியலாளர்களான கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். அறிவாளி எனப் புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்தனர். உழைப்புக்காகப் புகழப்பட்டோர் தொடர்ந்து முயன்றனர். முயற்சியைப் பாராட்டினால் பிள்ளை சோம்பிவிடும் என அஞ்சும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

தேர்ச்சிக்கு நம் மாநிலத்தில் 35 மதிப்பெண் வேண்டும். 12-இலிருந்து 31-க்கு ஏறிய விடைத்தாளுடன் ஒரு பிள்ளை இன்று மாலை வீடு திரும்பக்கூடும். அப்பிள்ளையை வாசலில் எதிர்கொள்ளப்போவது தாயா, அந்தப் பழைய ஆய்வாளரா?