லயத்திலிருந்து அறுவை அரங்குக்கு

மலேசியாவின் கெடாவில், கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது கோலா கெத்தில். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்தில் இங்கே தமிழ்ப் பெண்கள் பலர் லயத்து வீட்டிலேயே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலேயே, பிள்ளை பெற்றார்கள். அனுபவப்பட்ட மருத்துவச்சி கூட இருப்பார். சிக்கல் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசருக்கு ஆள் ஓடும். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, தாயின் இடுப்பெலும்பு குறுகலாக இருந்தாலோ அவர்கள் இருவராலும் செய்யக்கூடியது கொஞ்சமே. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அதற்குப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

அங்கே செய்யும் அறுவைக்கும் ஒரு நீண்ட கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலேயே சிசேரியன் என்றால் தாய் பிழைப்பது அரிது. வெட்டிய கருப்பையைத் தைக்காமல் விடுவதே வழக்கமாக இருந்தது; இரத்தப்போக்கும் கிருமியும் உயிரைக் குடித்தன. 1876இல் இத்தாலியின் போர்ரோ, தாயைக் காப்பாற்றக் கருப்பையையே அகற்றினார். 1882இல் ஜெர்மனியின் சாங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை வகுத்தார். 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர், மேலே நெடுக்காக வெட்டாமல் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டச் சொன்னார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்த இடம் மெலிந்திருக்கும். இரத்தம் குறைவாகப் போகும், தழும்பும் உறுதியாக ஆறும். இன்று ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘எல்.எஸ்.சி.எஸ்.’ என்று எழுதுவது இந்த வெட்டைத்தான். வீட்டில் ‘ஆப்பரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை’ என்பார்கள்.

1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டார்கள். 1990களில் அது 50க்கும் கீழே இறங்கியது. அந்தப் பெருமையைக் கத்திக்கு மட்டும் கொடுத்தால் அநியாயம். சாலை வந்தது, இரத்த வங்கி வந்தது, பென்சிலின் வந்தது. 1950களிலிருந்து பயிற்சி பெற்ற தாதிகள் கிராமத்துக்குக் கிராமம் அமர்த்தப்பட்டார்கள். ஆபத்தை முன்கூட்டியே கண்டு, நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். பிறகு கர்ப்பிணியின் பதிவேட்டில் ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ண ஒட்டிகளும் வந்தன. சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி.

சிசேரியன் செய்துகொண்டவரின் அடுத்த பிரசவத்திலும் அந்த வெட்டு கேள்வியாக வரும். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால், அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பலர் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால், வலி எடுக்கும்போது தழும்பு பிளக்கும் ஆபத்து அதிகம். வெளித்தோலின் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் மருத்துவர் பழைய பதிவேட்டைக் கேட்கிறார்.