ஏணிக்கு மேலே ஒரு பட்டறை

வெளிநாட்டில் இருக்கும் நம் சொந்தபந்தங்கள் வீடு வாங்கினால், அனுப்பும் போட்டோக்களில் ஒன்று கட்டாயம் கராஜாக இருக்கும். கார் நிறுத்தக் கட்டியதுதான். ஆனால் உள்ளே பார்த்தால் மரமேஜை, வைஸ், டிரில்லிங் மெஷின், சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள்! திலக் நகரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும் எனக்குப் பெருமூச்சுதான் வரும். இங்கே பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்களை இடித்து மாடிமேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் கார் நிறுத்த ஒரு கட்டம் கிடைத்தாலே யோகம். அந்தக் கட்டத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஆணி அடித்தால் மறுநாளே சொசைட்டி கடிதம் வரும்.

சரி, வீட்டை ஒட்டி ஒரு பட்டறை என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த சமாச்சாரமா? இல்லவே இல்லை. ஆனாலும் உலகம் அறிந்த கதைகள் அங்கேதான் இருக்கின்றன என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹென்றி ஃபோர்டு 1890களில் டெட்ராய்ட் நகரில் எடிசன் மின்சாரக் கம்பெனியில் இன்ஜினியர். 58, பாக்லி அவென்யூவில் வாடகைக்குக் குடியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கரியும் விறகும் போட்டு வைக்கும் செங்கல் கொட்டகை. அதில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவரும் பெரிய மனதோடு தன் பாதியை விட்டுக்கொடுத்தார். 1896 ஜூன் 4 விடியற்காலையில் ஃபோர்டின் முதல் மோட்டார் வண்டி தயார். வெளியே கொண்டுவரப் பார்த்தால் வண்டியைவிட வாசல் குறுகல்! கோடாலியை எடுத்து வாசலை ஒட்டிய சுவரை இடித்துத்தான் வண்டியை வெளியே எடுத்தார்.

வீட்டுக்காரர் கோபமாகத்தான் வந்தார். வண்டியைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. இடித்த இடம் இடித்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பின்னாளில் அந்த இடத்தில் 1926ல் மிச்சிகன் தியேட்டர் எழும்பியது. 1970களில் தியேட்டரின் உள்ளே தளம் போட்டு அதையும் கார் பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள்! கார் பிறந்த இடம் கார் நிறுத்துமிடமாகவே முடிந்தது.

அடுத்தது கலிபோர்னியா. 1938ல் பாலோ ஆல்டோ நகரில் 367, அடிசன் அவென்யூ. டேவிட் பக்கார்டும் மனைவி லூசிலும் கீழ்த்தளத்தில் வாடகைக்கு வந்தார்கள். கல்யாணம் ஆகாத பில் ஹியூலெட்டுக்குக் கொல்லையில் இருந்த சின்ன ஷெட். 12க்கு 18 அடி கராஜ்தான் பட்டறை. முதலீடு 538 டாலர், அதோடு ஒரு பழைய டிரில்லிங் மெஷின். கருவிகளின் முகப்புத் தகட்டுக்குப் பெயின்ட் அடித்து, அதைச் சூடாக்கி இறுக்கியது எங்கே தெரியுமா? லூசில் அம்மாவின் சமையலறை அடுப்பில்! 1939 ஜனவரி 1ல் ஹியூலெட்-பக்கார்ட் கம்பெனி முறைப்படி தொடங்கியது. 1940ல் பெரிய இடத்துக்குப் போய்விட்டார்கள். 1987ல் கலிபோர்னியா அரசு அந்தக் கராஜை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

இரண்டு கதையிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது மெஷின் அல்ல. முதல் நாளிலிருந்தே தனி வாடகை கேட்காத ஓர் இடம். அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டுத் தடுக்காத வீட்டுக்காரர். தேவைப்பட்டால் சுவரை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம். இந்த மூன்றும் சேர்ந்தால் கொட்டகை பட்டறையாகிவிடும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தரையில் பள்ளம் தோண்டித் தறியை இறக்கியிருப்பார்கள். பாவு நீட்டத் தெருவே உதவும். தொழிலுக்கு ஏற்றபடி வீடு, வீட்டுக்கு ஏற்றபடி தெரு. அரசாங்கமும் இதை ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டது. 1985ல் தொடங்கிய ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கைத்தறி நெசவாளர்களுக்கு வீடும் தறிக்கூடமும் சேர்த்துக் கட்ட மத்திய அரசு உதவித் திட்டம் கொண்டுவந்தது.

அதே பழக்கத்தோடுதான் நம்மவர்கள் பம்பாய்க்கும் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய தமிழர்கள் 1887லேயே அங்கே பெரிய மசூதியைக் கட்டியிருக்கிறார்கள் என்றால், எவ்வளவு பழைய குடியிருப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோல் ஷெட்டுகள் பின்னால் ஊருக்கு வெளியே போய்விட்டன. ஆனால் தோலை வெட்டிப் பையும் பெல்ட்டும் தைக்கும் வேலை தாராவியிலேயே தங்கியது. விடிவதற்குள் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் கட்டி மும்பை முழுக்க அனுப்பும் நம் குடும்பங்களுக்கும் வீடுதான் பட்டறை.

தாராவியில் கொல்லைப்புறம் ஏது? பக்கவாட்டில் நகர இடமில்லாதவன் மேலே போனான். குடிசைப் பகுதிக் கட்டடம் 14 அடிக்கு மேல் எழும்பக்கூடாது என்பது மாநகராட்சி வைத்த வரம்பு. அந்த 14 அடிக்குள் நடுவில் இரும்பு ஆங்கிளும் பலகையும் போட்டு ஒரு தளம். மேலே தகரக் கூரை. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கீழே குடும்பம், மேலே தையல் மெஷின். வேலையாட்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் ஏணி வழியே நேராக மேலே போய்விடுவார்கள். அமெரிக்காவில் வீட்டையும் பட்டறையையும் பிரிப்பது புல்வெளி என்றால், தாராவியில் பிரிப்பது அந்த ஏணி. என் கணக்கில் அதுவும் தனிப் பட்டறைதான்!

இதில் வெக்கை உண்டு, புகை உண்டு, தீப்பிடிக்கும் பயம் உண்டு. அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கழிப்பறையோடு ஒழுங்கான வீடு கேட்பது அவர்களின் உரிமை.

ஆனால் புதுத் திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலம் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோ வீடு. அதாவது ஏணிக்குக் கீழே ஒரு விதி, மேலே ஒரு விதி.

நான் பேங்கில் வேலை பார்ப்பவன். வீட்டுக் கடனுக்கு ஒரு படிவம், தொழில் கடனுக்கு வேறு படிவம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் குடும்பத்துக்கு எந்தப் படிவமும் சரியாகப் பொருந்தாது. மறுசீரமைப்புக் கோப்பிலும் இதே சிக்கல்தான். கோப்பில் அது வெறும் மேல்தளம். அந்தக் குடும்பத்தின் கணக்கு நோட்டில் பள்ளிக்கூட ஃபீஸும் ஊருக்கு மணியார்டர் அனுப்பிய பணமும் அந்தத் தளத்திலிருந்து வந்தவை. ஹியூலெட்டும் பக்கார்டும் ஆரம்பித்த கராஜ் மொத்தமே 216 சதுர அடி. அதையும் ஒரு மாநில அரசு சின்னமாக்கிப் பாதுகாக்கிறது. நம்மவர்களுக்குச் சின்னம் எல்லாம் வேண்டாம். புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் குடும்பம் வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே குடும்பம் சம்பாதிக்கும் இடத்துக்கும் ஒரு கோடு போட்டால் போதும்.

உங்கள் தாத்தா, பாட்டி வீட்டில் தறியோ, உலையோ, தையல் மெஷினோ இருந்திருக்கும். அது திண்ணையிலா, கொல்லையிலா, பரணிலா? நினைவிருப்பவர்கள் எழுதுங்களேன். பிள்ளைகளுக்கும் காட்டலாம்.