உருகாத இரும்பில் ஒரு பீரங்கி

தஞ்சைக் கீழவாசலில், பீரங்கி மேட்டின் மேல் பெரிய இரும்புப் பீரங்கி ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 7.5 மீட்டர், எடை ஏறத்தாழ 22 டன். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டது என்பர். இத்தனை பெரிய பீரங்கியை இரும்பை உருக்கி வார்க்காமலே செய்திருக்கிறார்கள். எப்படி?

தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். மரக்கரியும் துருத்தியும் கொண்ட நாட்டு உலை அந்தச் சூட்டை எட்டாது. தாதுவிலிருந்து அதில் கிடைப்பது, கிட்டம் கலந்த, கடற்பஞ்சு போன்ற கட்டி. உள்ளே எங்கும் துளைகள். கொல்லர் அதைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிப்பர். கிட்டம் பிதுங்கி வெளியேறும், துளைகள் மூடும், நெருங்கிய பரப்புகளில் அணுக்கள் இடம் பெயர்ந்து இரும்பு உருகாமலே ஒட்டிக்கொள்ளும்.

இவ்வாறு கிடைத்த நீண்ட பட்டைகளைக் குழலாக அடுக்கி, காய்ச்சிய வளையங்களை அவற்றின்மேல் செலுத்தினர். ஆறும்போது வளையங்கள் சுருங்கி இறுக்கின. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா பூட்டும் முறையும் இதுவே. இப்பீரங்கியின் அமைப்பைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்திருக்கிறார்.

துளைகளை மூடாவிட்டால் என்ன? சுமை தாங்கும் இரும்பு குறையும். அதைவிட ஆபத்தானது துளையின் வடிவம். அகன்ற தகட்டை இழுக்கும்போது, அதிலுள்ள சிறு வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை கூர்முனை உடையதானால் இன்னும் மிகும். விரிசல் அங்கேதான் தொடங்கும். வெடிமருந்து வெடிக்கும் குழலில் அது பீரங்கிக்காரரின் உயிருக்கே உலை வைக்கும்.

1828இல் இங்கிலாந்தின் வொல்லாஸ்டன், உருக்க அரிதான பிளாட்டினத்தைத் தூளாக அழுத்தி, காய்ச்சி, அடித்துக் கட்டியாக்கிய முறையை அறிவித்தார். இன்றைய உலோகத்தூள் தொழிலில், அழுத்திய தூளை உருகுநிலைக்குக் கீழே சூடாக்குவதைச் ‘சின்டரிங்’ என்பர். பொரி உருண்டையில் பொரிகளைப் பாகு பிணைக்கிறது; இங்கே துகள்களே தொட்ட இடத்தில் இணைந்து ‘கழுத்து’ வளர்க்கின்றன. தொடக்கத்தில் கோணல்மாணலாய் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்கும் துளைகள், சூடு நீடிக்க நீடிக்க உருண்டு, சுருங்கி, தனித்தனியாகும். ஆகவே துளையளவு ஒன்றேயான இரு துண்டுகளில், உருண்ட துளை உள்ளதே பொதுவாக வலியது.

துளை எப்போதும் பகையல்ல. மின்விசிறியின் வெண்கலப் புஷ்ஷில் துளைகளை வேண்டுமென்றே விட்டு எண்ணெய் ஊறவைக்கிறார்கள். ஆனால் பெருஞ்சுமை தாங்கும் கார் எஞ்சினின் இணைப்புத் தண்டைத் தூளிலிருந்து செய்யும்போது, சின்டரிங் முடிந்ததும் சூட்டோடு அச்சில் அடித்துத் துளைகளை மூடுகிறார்கள். தஞ்சைப் பீரங்கியின் இரும்புக்குச் சம்மட்டி செய்த வேலையும் அதுதான்.