உத்தேசத்தின் நிழல்

பள்ளிவயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளியே பாடசாலை அமைக்கவேண்டுமென்று மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தும், போர்ட்டிக்சனின் சுவா பெத்தோங், பகாவின் கெடிஸ் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டப் பிரதேசங்களில், தமிழ்ப் பிள்ளைகள் பலரின் வித்தை சில வகுப்புகளோடு நின்று, ரப்பர்ப் பால்வாளி தூக்குவதில் முடிந்தது.

பிற்காலத்தில், இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பென்னும் ஓராண்டைக் கடந்து மேல்வகுப்புகளை எட்டியோர்க்கு வேறொரு கணிப்புக் காத்திருந்தது: ஐந்தாம் படிவ இறுதித் தேர்வாகிய எஸ்.பி.எம். முடிவு மறு ஆண்டில் வருமுன்னரே, முன்னோட்டத் தேர்வின் புள்ளிகளைக் கொண்டு தனியார் கல்லூரிகள் இடமளிக்கலாயின. முன்பணம் கட்ட வல்லவர்க்கு அந்த உத்தேசப் புள்ளி திறந்த கதவு. லயத்து வீட்டில், அரிசிப்பானைக்கடியில் மடித்துவைத்த அந்தப் புள்ளிகளின் ஒற்றைத் தாளோ, மெய்யான முடிவு வருமுன்பே பிள்ளையின் அபிலாஷையைக் குறுக்கிவிடும் அளவுகோல்.