செவிலித்தாயான நாய்

கதைகளில் உலவும் விலங்குகள் யாவும் ஆசிரியனின் கற்பனையிற் பிறந்தவை என்றே படிப்போர் பெரும்பாலும் கொள்வர். பஞ்சதந்திரத்து நரியும் சிங்கமும் எந்தக் காட்டிலும் வாழ்ந்தவையல்ல. மனிதரின் குணங்களை எடுத்துரைக்க வந்த உருவங்கள் அவை. ஆயினும், வேறொரு வாயிலால் இலக்கியத்தினுள் நுழைந்த விலங்குகளும் உள. எழுதுவோனின் மேசையடியிற் படுத்துறங்கி, மாலையில் அவனோடு உலாப் போய், அவன் குடும்பத்தில் ஒருவராய் வாழ்ந்த பின்னரே அவை ஏட்டில் ஏறின.

ஸ்கொட்லாந்து எழுத்தாளரிடையே இதற்கு ஒரு மரபே உண்டு. கவிஞர் றொபேட் பேண்ஸ் தமது நாயாகிய லூவத்தை, 1786 இல் வெளியான தம் முதற் கவிதைத் தொகுதியிலே மற்றொரு நாயுடன் உரையாட வைத்தார். சேர் வோல்டர் ஸ்கொட் பேணி வளர்த்த மைடா என்னும் பெருநாய் 1824 இல் இறந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் அவர் வெளியிட்ட 'வூட்ஸ்டொக்' என்னும் நாவலில் வரும் பெவிஸ் என்ற நாய், மைடாவின் மறுபிறப்பே எனலாம். எடின்பரோ நகரில் ஸ்கொட்டுக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்திலே, அவர் உருவத்தின் அருகில் மைடாவும் வெண்சலவைக் கல்லில் அமர்ந்திருக்கிறது. இம்மரபிலே வந்தவர்தாம் 'பீற்றர் பான்' நாடகத்தை ஆக்கிய ஜேம்ஸ் மத்தியூ பாரி.

பாரி 1860 இல் கிரிமியூர் என்னும் சிற்றூரில் நெசவாளர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாயிருந்தபோது தமையன் டேவிட் பனித்தரையில் விளையாடுகையில் நேர்ந்த விபத்தினால் இறந்தான். அவனுக்கு 14 வயதும் நிறைவுறவில்லை. தாயின் துயரம் ஆறவேயில்லை. மற்றைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவராயினர். இறந்தவன் மட்டும் அவள் நினைவில் என்றும் சிறுவனாகவே நின்றான். வளராத சிறுவன் என்னும் எண்ணத்தின் வித்து இங்கேதான் விழுந்தது என்பர். பிள்ளைகளைக் காப்பதற்கு எத்தனை கண்கள் இருந்தாலும் போதா என்னும் அச்சமும் அவ்வீட்டிலேதான் பிறந்திருக்க வேண்டும்.

1894 இல் பாரி, மேரி அன்செல் என்னும் நடிகையை மணந்தார். மணமக்கள் சுவிற்சர்லாந்துக்குச் சென்றிருந்தபோது லூசேர்ண் நகரில் ஒரு நாய்க்குட்டியை வாங்கினர். அது சென் பேர்நாட் இனத்தது. அல்ப்ஸ் மலைக் கணவாயில் வழிதவறிய பயணிகளைப் பனியிலிருந்து மீட்பதற்கெனத் துறவிகள் வளர்த்த இனம் அது. குட்டிக்குப் போர்தோஸ் என்று பெயரிட்டனர். ஜோர்ஜ் டூ மோரியே எழுதிய 'பீற்றர் இபெற்சன்' என்னும் நாவலில் வரும் நாயின் பெயரே அது.

பாரி தம்பதியருக்குக் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. அந்த வீட்டிற் குழந்தை இருக்க வேண்டிய இடத்தை நாய் நிரப்பிற்று. பிற்காலத்தில், 1924 இல், மேரி ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட தலைப்பிலே நாய்கள் முன்னே நின்றன. மனிதர் பின்னேதான் வந்தனர். அவ்வீட்டில் நாய்கள் பெற்றிருந்த இடத்தைக் காட்ட வேறு சான்று வேண்டியதில்லை.

இலண்டனில் அவர்களின் இல்லம் கென்சிங்டன் பூங்காவுக்கு அண்மையில் இருந்தது. பாரி ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுடைய சிறிய மனிதர். போர்தோஸோ பின்னங்கால்களில் எழுந்து நின்றால் அவருக்கு நிகரான பேருருவம். இருவரும் புற்றரையில் மற்போர் புரிவர். மரங்களிடையே ஒளித்து விளையாடுவர். செவிலியரோடு உலாவ வந்த குழந்தைகளுக்கு இதைவிடச் சிறந்த வேடிக்கை வேறென்ன? 1897 இல் இவ்வாறு பாரிக்கு அறிமுகமானவர்கள்தாம் லெவெலின் டேவிஸ் குடும்பத்துச் சிறுவர்கள். மூத்தவன் ஜோர்ஜ், அடுத்தவன் ஜக், மூன்றாமவனாகிய பீற்றர் அப்போது கைக்குழந்தை. மைக்கல், நிக்கலஸ் என இன்னும் இருவர் பின்னர் பிறந்தனர். கூச்சம் மிகுந்த எழுத்தாளர் ஒருவரைப் பிறர் வீட்டுப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தது அந்த நாயே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. பிள்ளைகளின் தாய் சில்வியாவை ஒரு விருந்திலே பாரி சந்தித்தார். அவர் 'பீற்றர் இபெற்சன்' ஆசிரியரின் மகள்! தந்தையின் நாவலிலிருந்தே தம் மகனுக்குப் பீற்றர் என்று அவர் பெயரிட்டிருந்தார். ஒரே நூலிலிருந்து ஒரு வீட்டுப் பிள்ளை கதாநாயகனின் பெயரைப் பெற்றான். மற்றொரு வீட்டு நாய் அக்கதையின் நாயினது பெயரைப் பெற்றது.

1901 ஆம் ஆண்டு கோடை காலத்தைச் சறே பகுதியிலிருந்த பாரியின் நாட்டுப்புற வீட்டுக்கு அண்மையில் சிறுவர்கள் கழித்தனர். அருகேயிருந்த ஏரியும் பைன் மரக் காடும் கடற்கொள்ளையர் தீவாக மாறின. பாரி படங்கள் பிடித்து, அவற்றுக்கு விளக்கம் எழுதி, இரண்டே பிரதிகள் கொண்ட நூலொன்றை அச்சிட்டார். ஒன்றைப் பிள்ளைகளின் தந்தை ஆதர் புகைவண்டியிலே தொலைத்துவிட்டார். எஞ்சிய பிரதி இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதிலே முகமூடி அணிந்து புலியாக நடித்திருக்கிறது போர்தோஸ். மற்றொரு படம் இன்னும் கருத்துக்குரியது. துயிலும் சிறுவரைக் காவல் செய்யப் பழக்கப்பட்ட நாய் என்பது அதன் பொருள். ஆனால் காவலாளியும் சிறுவர் கிடக்கும் அதே கோலத்தில் உறங்கிப் போயிருக்கிறது. பிற்காலத்தில் மேடையேறிய குழந்தைகள் படுக்கையறையின் முதற் காட்சி இப்படத்திலேயே அமைந்துவிட்டது எனலாம்.

1902 இல் வெளியான 'சின்னஞ்சிறு வெண்பறவை' என்னும் நூலில் போர்தோஸ் தன் சொந்தப் பெயரோடே வந்தது. சிறிது காலம் மனிதனாக மாறித் திரிந்து மீண்டும் நாயாயிற்று. பீற்றர் பான் என்னும் சிறுவன் முதலில் தோன்றியதும் அதே நூலில்தான். போர்தோஸ் இறந்தபின் கறுப்பும் வெள்ளையும் கலந்த உரோமமுடைய நியூபவுண்ட்லாந்து நாய் ஒன்று அவ்வீட்டுக்கு வந்தது. பேண்ஸ் கவிஞரின் நாய்க்கிருந்த அதே பெயர், லூவத், இதற்கும் அமைந்தது. நியூபவுண்ட்லாந்து நாய்கள் விரலிடைச் சவ்வு உடையவை. நீரில் மூழ்குவோரை இழுத்து வருவதிற் பெயர் பெற்றவை. பாரி நாடகம் எழுதிய நாட்களில் மேசையருகே காத்துக் கிடந்தது இந்த லூவத்தே.

'பீற்றர் பான்' 1904 டிசம்பர் 27 ஆந் திகதி இலண்டன் யோர்க் கோமகன் அரங்கில் முதன்முதல் மேடையேறிற்று. டார்லிங் குடும்பத்தார் செவிலிக்குச் சம்பளம் கொடுக்க வசதியற்றவர்கள். ஆகவே ஒரு நாயையே செவிலியாக அமர்த்துகின்றனர். அதன் பெயர் 'நானா'. ஆங்கிலக் குழந்தைகள் வளர்ப்புத் தாயை அழைக்கும் மழலைச் சொல் அது. நானா குழந்தைகளை நீராட்டும், மருந்து கொடுக்கும், மழைக்குக் குடையை வாயிற் கவ்விக்கொண்டு பள்ளிவரை துணை செல்லும். 1911 இல் நாடகம் நாவலானபோது, டார்லிங் தம்பதியர் நானாவைக் கண்டெடுத்த இடம் கென்சிங்டன் பூங்கா என்று பாரி எழுதினார். குழந்தைகள் செல்லும் தள்ளுவண்டிகளை எட்டிப் பார்ப்பதே அங்கு அதன் பொழுதுபோக்கு. போர்தோஸ் பூங்காவிலே செய்த பணியை இதைவிடத் தெளிவாக எவ்வாறு பதிவு செய்வது?

முதல் நானாவாக நடித்தவர் ஆதர் லூப்பினோ. வேடத்தின் தலையும் உரோமமும் லூவத்தைப் பார்த்தே செய்யப்பட்டன. இரண்டு ஆண் நாய்கள் சேர்ந்து மேடையில் ஒரு செவிலித்தாயாயின. தந்தையாகவும் கொள்ளையர் தலைவன் ஹூக்காகவும் நடித்தவர் சில்வியாவின் சகோதரர் ஜெரால்ட் டூ மோரியே. பின்னாளில் முதலாம் உலகப் போர் வந்தபோது, நானாவாக நடித்தவர் போர்முனைக்குச் செல்லுமுன் தம் மனைவிக்கு அவ்வேடத்தைப் பயிற்றுவித்துச் சென்றார் என்று பாரி எழுதியிருக்கிறார். இது சிரிப்புக்குரியதாக அவருக்குத் தோன்றவில்லை. நாடகத்தின் இயல்போடு ஒன்றிய செயலாகவே தோன்றிற்று.

நானா வெறும் நகைச்சுவைப் பாத்திரமன்று என்பதற்கு இதுவே திறவுகோல். கதை நிகழ்வதற்குக் காரணம் யாது? தந்தை தம் கசப்பு மருந்தை நாயின் பாத்திரத்தில் ஊற்றிக் கேலி செய்கிறார். நாய் அதை நக்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு அவரை நோக்குகிறது. வீட்டார் நாயிடம் பரிவு காட்ட, நாணம் சினமாக மாறி, அவர் நானாவை முற்றத்திற் கட்டிவிடுகிறார். அவ்விரவே பீற்றர் பான் சாளரத்தால் வந்து பிள்ளைகளை அழைத்துச் செல்கிறான். அபாயத்தை உணர்ந்த நானா சங்கிலியை அறுத்துக்கொண்டு பெற்றோரிடம் ஓடுகிறது. அவர்கள் சில நொடிகள் பிந்தியே வந்து சேர்கின்றனர். மகள் நீங்கிய மனையிலே கலங்கி நிற்கும் செவிலியைச் சங்கச் செய்யுட்களிற் கண்டவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதியதன்று. நாவலிலே தந்தை தம் பிழையை உணர்ந்து, பிள்ளைகள் மீளும்வரை நாய்க்கூட்டிலேயே தங்கியிருக்கிறார். காவலைக் கட்டிப்போட்டவருக்குக் காவலின் கூடே சிறையாயிற்று.

வாழ்க்கை கதையினும் கடுமையாக இருந்தது. 1907 இல் ஆதரும் 1910 இல் சில்வியாவும் நோயினால் மறைந்தனர். 1909 இற் பாரியின் மணவாழ்வும் முறிந்திருந்தது. பெற்றோரை இழந்த ஐவரையும் வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றார். கதையில் நாய்க்குக் கொடுத்த பதவி இப்போது ஆசிரியரிடமே வந்து சேர்ந்தது. ஆனால் 1915 இல் ஜோர்ஜ், பிளாண்டேர்ஸ் போர்முனையில் 21 வயதில் வீழ்ந்தான். 1921 இல் மைக்கல், ஒக்ஸ்போட் அருகே நீரில் மூழ்கி இறந்தான். 21 வயது நிறைய இன்னும் சில கிழமைகளே இருந்தன. பனியிலிருந்தும் நீரிலிருந்தும் மனிதரை மீட்கும் இரு நாய்களை வளர்த்த மனிதரால் தம் பிள்ளைகளுள் இருவரைக் காக்க முடியவில்லை.

ஆயினும் அவர் காவலைக் கைவிடவில்லை. 1929 இல் 'பீற்றர் பான்' நூலின் உரிமையை இலண்டன் கிறேற் ஓமண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனைக்கு வழங்கினார். 1937 இல் பாரி மறைந்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பின்னரும், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தினால், பிரித்தானியாவில் அந்நாடகத்தின் வருவாயில் மருத்துவமனைக்குப் பங்கு கிடைத்து வருகிறது. நோயுற்ற குழந்தைகளின் படுக்கையருகே நானா இன்றும் காவல் இருக்கிறது எனலாம்.

நாவலில் நானா நியூபவுண்ட்லாந்து நாய். 1953 இல் வோல்ட் டிஸ்னி வெளியிட்ட படத்திலோ அது சென் பேர்நாட். இவற்றுள் எது சரி என்று வழக்காட வேண்டியதில்லை. லூவத் உடலைக் கொடுத்தது. போர்தோஸ் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டும் பேசத் தெரியாதவை, எழுதத் தெரியாதவை. ஆனால், துயிலும் குழந்தையின் அருகே விழித்திருக்க ஓர் உயிர் வேண்டும் என்னும் பழைய உண்மையைத் தம் எசமானுக்குக் கற்பித்தவை அவையே.